ஆடித் தேருக்கு வாக்கி டாக்கி: 'லயத்து உறவுகள்' வாட்ஸ்அப் குழு, சுங்கை சிப்புட், மலேசியா

*செவ்வாய், இரவு*

குமார்: எல்லாருக்கும் வணக்கம். தேருக்கு இன்னும் மூன்று வாரம்தான். ஆன்லைனில் ஒரு வாக்கி டாக்கி பார்த்தேன். ஜோடி 89 வெள்ளி (ரிங்கிட்). "10 கிலோமீட்டர் தூரம், 304 சேனல், லைசன்ஸ் தேவையில்லை" என்று போட்டிருக்கிறான். கோயில் பணத்தில் ஐந்து ஜோடி எடுத்துவிடலாமா?

தலைவர்: பணம் பிரச்சினை இல்லை தம்பி. போன வருடம் மாதிரி ஆகாமல் இருந்தால் சரி.

மாலா: போன வருடம் வராதவர்களுக்குச் சொல்கிறேன். தேர் பாலத்தடியில் நிற்கிறது. ரோட்டுக்குத் தண்ணீர் அடிக்கிற லாரி சந்தைப் பக்கம் நிற்கிறது. நடுவில் இருக்கிற ஆம்பளைங்க எல்லாரும் ஹேண்ட்போனைக் காதில் வைத்துக்கொண்டு ஹலோ ஹலோ. கூட்டத்தில் லைன் அடைத்துக்கொண்டது. தீச்சட்டி எடுத்தவர்கள் சுடுகிற தாரில் வெறுங்காலோடு நின்றார்கள்.

கோமதி அத்தை: எனக்குக் கொப்புளம் வந்தது அங்கேதான்.

பெரியசாமி தாத்தா: அந்தக் காலத்தில் விடியற்காலை பிரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்க, ஒரு தண்டவாளத் துண்டைத் தட்டினால் தோட்டத்து வீட்டு வரிசை, மூன்று லயமும் எழுந்துவிடும். இதெல்லாம் எதற்கு?

விக்கி: தாத்தா, தேருக்கு முன்னால் உறுமி அடிப்பது நாங்கள். நீங்கள் ரயிலையே தட்டினாலும் கேட்காது.

சேகர்: குமார், அந்தப் பத்து கிலோமீட்டரை நம்பி வாங்காதே. முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நமக்கு ஆகிற கணக்கு இல்லை. இந்த அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போவது. செட்டை வாய்க்கு நேராக, ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்தால் அதற்கு அடிவானம் சுமார் 5 கிலோமீட்டர். எதிரில் இருப்பவருக்கும் அதே 5. இரண்டையும் கூட்டினால் 10. நடுவில் வீடு, மரம், லாரி, மேடு ஒன்றும் இருக்கக்கூடாது. நம்ம ஊரில் அப்படி ஓர் இடம் காட்டு பார்ப்போம்.

குமார்: பந்து திடல்?

சேகர்: திடல் எத்தனை கிலோமீட்டர் லா?

மாலா: அப்போ நமக்கு எவ்வளவு தூரம் கேட்கும்? நேராகச் சொல்லுங்கள் அண்ணே.

சேகர்: கல் வீடும் கடையுமாக இருக்கிற இடத்தில் அரை கிலோமீட்டரில் இருந்து ஒன்று வரை. வளைவு இல்லாத திறந்த ரோட்டில் இரண்டு. செம்பனைத் தோட்டத்துக்குள் புகுந்தால் குறையும். மழை பெய்து ஓலை நனைந்திருந்தால் இன்னும் குறையும். தலைவரே, தேர் போகிற வழி எவ்வளவு?

தலைவர்: பாலம், சந்தை, தமிழ்ப்பள்ளி, திரும்பக் கோயில். சுற்று மூன்று கிலோமீட்டர் வரும். ஆனால் கோயிலில் இருந்து நேராகப் பார்த்தால் எந்த இடமும் ஒரு கிலோமீட்டரைத் தாண்டாது.

சேகர்: அப்படியானால் ஓரளவு போதும். முதலில் என்னிடம் இருக்கிற ஜோடியை எடுத்துக்கொண்டு நடந்து பாருங்கள். வாங்குவது அதற்கப்புறம்.

கோமதி அத்தை: என் தங்கச்சி மகன் ஒரு விளம்பரம் அனுப்பினான். "5000 கிலோமீட்டர் வாக்கி டாக்கி, எல்லையே இல்லை." அதை வாங்கினால் சென்னைக்கே பேசலாமே. நீங்கள் ஏன் ஒரு கிலோமீட்டருக்கு அடித்துக்கொள்கிறீர்கள்?

சேகர்: அத்தை, அதற்குள் சிம் கார்டு இருக்கும். பார்ப்பதற்குத்தான் வாக்கி டாக்கி, வேலை செய்வது 4ஜி லைனில். டவர் இருக்கிற இடமெல்லாம் பேசும். டவர் அடைத்துக்கொண்டால் இதுவும் ஹேண்ட்போனோடு சேர்ந்து படுத்துவிடும். போன வருடப் பிரச்சினையே அதுதானே.

கோமதி அத்தை: ஓ.

குமார்: அண்ணே, பவர் கூடின செட் எடுத்தால்? 5 வாட் பாவ்ஃபெங் யுவி-5ஆர், விலையும் குறைவு. இது வெறும் அரை வாட்.

சேகர்: அதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். சக்தியைப் பத்து மடங்கு கூட்டினால் தூரம் பத்து மடங்கு கூடாது தம்பி. மரமும் சுவரும் நிறைந்த இடத்தில் இரண்டு மடங்குகூட ஆகாது. உயரம்தான் வேலை செய்யும். கோயில் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஒரு ஆளை நிறுத்து, அரை வாட்டே உனக்கு ஆச்சரியம் காட்டும்.

சேகர்: அப்புறம் அந்த யுவி-5ஆர். அது நல்ல செட்தான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் நான் அமெச்சூர் ரேடியோ பரீட்சை எழுதி, 9டபிள்யூ2 என்று தொடங்குகிற அழைப்புக்குறி வாங்கி, அமெச்சூர்களுக்கு ஒதுக்கிய அலைவரிசையில் மட்டும் பேசுகிறேன். அதில் 136இல் இருந்து 174 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், 400இல் இருந்து 520 வரைக்கும் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். தெரியாமல் எவனுடைய அலைவரிசையிலாவது போய் விழுந்தால் 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி குற்றம். கோயில் பெயரில் அந்த வம்பு வேண்டாம்.

தலைவர்: அந்தப் பேச்சே வேண்டாம். லைசன்ஸ் இல்லாமல் பேசக்கூடியது எது?

சேகர்: 446 மெகாஹெர்ட்ஸ் செட், அரை வாட். 477 பக்கம் வருகிற செட்டும் கடைகளில் இருக்கும். ஒன்றை 446இலும் இன்னொன்றை 477இலும் வாங்கினால் ஒன்றோடு ஒன்று பேசாது, அதனால் எல்லாம் ஒரே வகையாக எடுங்கள். தொடர்பு ஆணையமான எம்சிஎம்சியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிம் தரச் சான்று இல்லாமல் பார்சலில் வருகிற மலிவுச் சரக்கைத் தொட வேண்டாம்.

குமார்: 304 சேனல் என்றால் நமக்கென்று தனியாக ஒன்று கிடைக்குமே.

சேகர்: 304 எங்கிருந்து வந்தது தெரியுமா? சேனல் உண்மையில் 8தான். ஒவ்வொன்றுக்கும் 38 கோட். எட்டை முப்பத்தெட்டால் பெருக்கிவிட்டு விற்கிறான். கோட் போட்டால் மற்றவர் பேசுவது உன் செட்டில் கேட்காது, அவ்வளவுதான். நீ பேசுவதை எவன் வேண்டுமானாலும் கேட்கலாம்.

மாலா: அப்போ உண்டியல் கணக்கு அதில் பேசக்கூடாது.

தலைவர்: மாலா.

மாலா: பொதுவாகச் சொன்னேன் தலைவரே.

*சனி, மாலை*

குமார்: நானும் விக்கியும் கிளம்பிவிட்டோம். அவன் கோயில் வாசலில், நான் நடக்கிறேன். பெட்ரோல் ஸ்டேஷன் வரை சுத்தமாகக் கேட்கிறது.

குமார்: சந்தைக்குள் வந்துவிட்டேன். தகரக் கூரைக்கு அடியில் நின்றால் விட்டு விட்டு வருகிறது. இரண்டடி வெளியே வந்தால் சரியாகிவிடுகிறது.

சேகர்: ஆமாம், அப்படித்தான். இழுக்கவில்லை என்றால் நின்ற இடத்திலேயே கத்தக் கூடாது. ஓரடி நகர வேண்டும். செட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு பேசாதே, உடம்பே அலையை மறைக்கும். நெஞ்சுக்கு மேலே தூக்கு.

குமார்: தமிழ்ப்பள்ளி வாசல். கரகரப்பு. விக்கி பேசுவது பாதிப் புரிகிறது.

விக்கி: அவன் பேசுவது எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. எப்போதும் அப்படித்தான்.

குமார்: பள்ளி தாண்டிச் செம்பனை வேலைக்காட்டுக்குள் நுழைந்தேன். நாலு நிரை தாண்டியதும் செத்துவிட்டது. இத்தனைக்கும் ரோட்டில் நடந்த தூரத்தில் பாதிகூட நடக்கவில்லை.

பெரியசாமி தாத்தா: மழை ஓய்ந்த கையோடு போயிருக்கிறாய். ஓலை சொட்டச் சொட்ட இருக்கும்.

சேகர்: தாத்தா சரியாகச் சொன்னார். தண்ணீர் இந்த அலையை உறிஞ்சிவிடும். குலை வெட்டுகிறவர்கள் தூரத்துப் பீல்டில் இருந்து ஆபீசோடு பேசுவதற்கு இதைக் கொடுத்தால் திட்டு வாங்க வேண்டியதுதான். தோட்டங்களில் உயரமான இடத்தில், கேட்டதை வாங்கித் திரும்ப அனுப்புகிற ரிப்பீட்டர் வைத்து, லைசன்ஸ் எடுத்த செட்டைப் பயன்படுத்துவது அதனால்தான்.

குமார்: இப்போது விக்கியைத் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு அனுப்பினேன். நான் மோட்டாரில் லிந்தாங் ரோட்டில் போய்க்கொண்டே இருக்கிறேன். ஊரே முடிந்துவிட்டது, இன்னும் பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி கேட்கிறது!!

சேகர்: மோட்டாரை நிறுத்திவிட்டு எழுது லா.

விக்கி: மேட்டில் இருந்து அவன் போகிற ரோடு கண்ணுக்கே தெரிகிறது. அண்ணன் சொன்னது விளங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரிந்தால் கேட்கும்.

தலைவர்: அப்படியானால் தேர் அன்றைக்கு மேட்டில் ஒருவர். தமிழ்ப்பள்ளிப் பக்கம் கேட்காததை அவர் வாங்கி இந்தப் பக்கம் சொல்லட்டும்.

சேகர்: சரியான யோசனை தலைவரே. எத்தனை பேருக்குச் செட் வேண்டும் என்று பார்ப்போம். தேருக்கு முன்னால் மூங்கிலால் வயர் தூக்கிவிடுகிறவர், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர், தண்ணீர் லாரி, சந்தியில் நிற்கிற ரேலா தொண்டர்படைக்காரர், மேட்டு ஆள், தலைவர். ஆறு. மூன்று ஜோடி போதும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், ஆள் கூடினால் இரைச்சல்தான் கூடும்.

விக்கி: என் பக்கத்தில் நிற்பவருக்கு எப்படிக் கேட்கும்? உறுமி, தவில், விசில்.

சேகர்: அவருக்குக் காதில் மாட்டுகிற இயர்பீஸ் கட்டாயம். இன்னொன்று. செட்டில் 'வாக்ஸ்' என்று ஒரு வசதி இருக்கும். பொத்தானை அமுக்காமலே குரல் கேட்டதும் தானாக ஒலிபரப்பும். அதை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் உன் உறுமி அடித்த அடியில் செட் திறந்து, மொத்தச் சேனலும் உறுமிதான்.

விக்கி: நல்லதுதானே.

சேகர்: பொத்தானை அமுக்கி ஒரு நொடி விட்டுப் பேசுங்கள். பேசி முடித்து, மூச்சு விட்டு, பிறகு கையை எடுங்கள். "தேரை நகர்த்த வேண்டாம்" என்று சொல்லும்போது கை முந்திக்கொண்டால் அங்கே "தேரை நகர்த்த" மட்டும்தான் போகும். கட்டை போடுகிறவன் கட்டையை உருவிவிடுவான். அதனால் "நில் நில் நில்", "போகலாம்", இவ்வளவு போதும்.

தலைவர்: இதை எழுதிக் கோயில் பலகையில் ஒட்டுகிறேன்.

சேகர்: பொத்தான் சிக்கிக்கொள்ளாமலும் பார்க்க வேண்டும். ருக்குன் தெத்தாங்கா அக்கம்பக்கக் காவல் ரோந்தில் ஒரு நாள் ஒருவர் பின்பாக்கெட்டில் செட்டை வைத்துக்கொண்டு மோட்டாரில் உட்கார்ந்துவிட்டார். பொத்தான் அமுங்கியே இருந்தது. வேறு யாரும் பேச முடியவில்லை. அவர் மாமியாரைப் பற்றிச் சொன்ன அத்தனையும் எல்லாருக்கும் நேரடி ஒலிபரப்பு.

குமார்: யார் அண்ணே அது?

சேகர்: பெயர் சொல்ல மாட்டேன்.

கோமதி அத்தை: என் மருமகன்தான். நானே விசாரித்துவிட்டேன்.

மாலா: 😂😂😂

மாலா: சரி, திருவிழாவை விடுங்கள். எனக்கு ஒரு சந்தேகம். என் நாசி லெமாக் கடைக்கும் பின்னால் வீட்டுக்கும் நடுவில் இரண்டு வரிசை வீடுதான். காலையில் சம்பல் தீர்ந்தால் அம்மாவுக்குப் போன் அடிக்க வேண்டும். கை முழுக்க எண்ணெய், திரை நகராது. அம்மாவுக்கு எடுக்கத் தெரியாமல் கட் செய்துவிடுவார். இந்த ஜோடி அதற்கு ஆகுமா?

சேகர்: உங்களுக்குத்தான் இது அளந்து செய்தது அக்கா. முழங்கையால்கூட அமுக்கலாம். அம்மா எதையும் எடுக்க வேண்டாம், அடுப்பு மேடையில் வைத்தால் தானாகக் கத்தும். மாதக் கட்டணமும் இல்லை. தனி பேட்டரிக்குப் பதிலாகச் சாதாரண டிரிபிள் ஏ போடக்கூடிய மாதிரி எடுங்கள். இடி இடித்துக் கரண்ட் போய், டவர் பேட்டரியும் தீர்ந்து லைன் இல்லாத இரவில் மளிகைக்கடைப் பேட்டரியிலேயே ஓடும்.

மாலா: அப்போ கோயில் ஆர்டரோடு எனக்கும் ஒரு ஜோடி. பணம் தனியாகத் தருகிறேன்.

குமார்: ஈப்போ கல்லுமலைத் தைப்பூசத்துக்கு இரண்டு காடியில் (காரில்) போகும்போதும் உதவுமா அண்ணே?

சேகர்: பின்னாலேயே வந்தால் உதவும். காடி உடம்பு இரும்பு, அலையைத் தடுக்கும். முன்னால் போகிறவன் இரண்டு சிக்னல் தாண்டிவிட்டால் கிடைக்காது. ஓட்டுகிறவனிடம் செட்டைக் கொடுக்காதே, பக்கத்தில் இருப்பவன் ஜன்னல் ஓரமாகப் பிடிக்கட்டும். கூட்டத்தில் இறங்கி நடக்கும்போது, பிள்ளைகள் தவறினால், அப்போதுதான் இதன் அருமை தெரியும்.

தலைவர்: முடிவு செய்வோம். கோயிலுக்கு மூன்று ஜோடி, இயர்பீஸ் இரண்டு. 446. ஸ்டிக்கர் பார்த்து வாங்க வேண்டும். சேகர் உடன் இருந்தால் நல்லது. வந்ததும் தேருக்கு முந்திய வாரம் உறுமியோடு ஒரு ஒத்திகை.

பெரியசாமி தாத்தா: மேட்டில் நிற்கிற வேலை எனக்குக் கொடுங்கள். அங்கே இருந்து ரோடு எல்லாம் தெரியும், எனக்கு ஊரும் தெரியும். காதில் மாட்டுவது வேண்டாம், சத்தமாக வந்தால் போதும்.

தலைவர்: படி ஏறுவீர்களா ஐயா?

பெரியசாமி தாத்தா: விக்கியை விட முன்னால் ஏறுவேன்.

விக்கி: நாற்காலி நான் தூக்கி வருகிறேன் தாத்தா.

குமார்: சேகர் அண்ணனோடு ஈப்போ கடையிலேயே பார்த்துவிடுகிறேன். ஸ்டாக் இல்லை என்றால் ஆர்டர் போட்டுப் பார்சலில் அனுப்பச் சொல்கிறேன்.

மாலா: பார்சல் என்றால் என் கடை முகவரி கொடு. உன் வீட்டில் பகலில் ஆள் இருக்காது.