வன்னி வீதிகளில் நின்றுபிடிக்கும் கெப் எது?

விசுவமடுவிலிருந்து வினா:
வணக்கம். காலபோக நெல்லைக் கிளிநொச்சிக்கு ஏற்றுவதற்காகப் பாவித்த டபிள் கெப் (இரண்டு வரிசை இருக்கைகளும் பின்னால் திறந்த சரக்குத் தட்டும் உள்ள வாகனம்) ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ், மிட்சுபிசி எல்200 ஆகியவற்றுள் எது குறைந்த செலவில் நெடுங்காலம் உழைக்கும் என்பதை, வைத்திருப்பவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

ஒட்டுசுட்டானிலிருந்து மறுமொழி:
தம்பி, பதினொரு ஆண்டுகளாக ஹைலக்ஸ் ஓட்டுகிறேன். ஒருநாளும் வழியில் நின்றதில்லை. பழைய ஹைலக்ஸில் வரும் 2கேடி டீசல் இயந்திரம் என்றால், வால்வுகளை நேரப்படி இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றியதற்கான பற்றுச்சீட்டைக் கட்டாயம் கேளுங்கள், ஏனெனில் ஓட்டத்தில் அது அறுந்தால் வால்வுகளும் சேர்ந்து பழுதாகிவிடும். 2015 இல் வந்த ஹைலக்ஸ் தலைமுறையின் ஜீடி டீசல் இயந்திரங்களில் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் உள்ளது.

மாங்குளத்திலிருந்து மறுமொழி:
அண்ணா கூறுவது சரி; ஆயினும் எந்த வகை வாகனம் என்பதைவிடப் பராமரிப்பே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. முன்னர் நான் வைத்திருந்த கெப்பில் டீசலை இயந்திரத்துக்குள் பீச்சும் இன்ஜெக்டர்கள் நான்கும் ஒரே மாரியில் பழுதடைந்தன. டீசல் வடிகட்டியைக் கழற்றியபோது அடியில் துருநிறத்தில் ஒரு கரண்டித் தண்ணீர் கிடந்தது. பீப்பாயில் சேமித்த டீசலை ஊற்றியது என் தவறு. இப்போது டி-மேக்ஸ் வைத்திருக்கிறேன். கிரவல் வீதிப் புழுதிக்காகக் காற்று வடிகட்டியை வாரந்தோறும் தட்டித் துப்புரவாக்குகிறேன்.

முல்லைத்தீவிலிருந்து மறுமொழி:
கரையோரத்தில் ஓடிய வாகனமாயின், வாங்குமுன் சேசியை (அடிச்சட்டத்தை) சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமான ஓசை வரும் இடத்தில் உப்புக்காற்று உள்ளே அரித்திருக்கக்கூடும்.