நேர்ரேகைச் சுங்கான்: காசு கைக்கா, கட்டைக்கா? (மன்ற இழை; பதிவர்கள் எல்லாரும் புனைபெயரில்)

வேர்க்கட்டை:

கையால் செய்த பிரையர் மரச் சுங்கான்களை, அதாவது புகையிலைப் பைப்புகளை, வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒரே பட்டறை, ஒரே வடிவம், ஒரே அளவு. புகையிலை நிரப்பும் கிண்ணத்தின் அடியிலிருந்து விளிம்பு வரை கோடு கோடாக நேர்ரேகை ஓடினால் அதற்குத்தான் உச்ச விலை. மணலை வீசி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய சாண்ட்பிளாஸ்ட் அதற்கு வெகு கீழே. அப்படியானால் நாம் மெச்சுவது யாருடைய வேலையை?

எரிக்கா ஆர்போரியா என்ற புதர், தண்டுக்கும் வேருக்கும் நடுவே மண்ணுக்குள் ஒரு முண்டை வளர்க்கிறது, அதுதான் பிரையர். கலாப்ரியா, லிகூரியா, கோர்சிகா, கிரீஸ், அல்ஜீரியா என்று மத்தியதரைக் கடலைச் சுற்றி எங்கும் உண்டு. முண்டின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி ரேகை விரியும். பட்டையோரத்துத் துண்டை வியாபாரத்தில் பிளாட்டோ என்பார்கள், அதில் நேர்ரேகை விழ வாய்ப்பு அதிகம். உள்பக்கத்து எபோஷோன் துண்டில் குறைவு. காசுள்ளவர் நல்ல துண்டு வாங்குகிறார், அவ்வளவுதான். கைவேலை பார்க்கவேண்டுமென்றால் துளையைப் பாருங்கள், வாய்க்குழலைப் பாருங்கள். ரேகையைப் பார்த்து வியப்பது, பழம் இனிக்கிறது என்று தள்ளுவண்டிக்காரரைப் பாராட்டுவது மாதிரி.

கடைசல்:

> ரேகை விழ வாய்ப்பு

ரேகை மரம் போட்டதுதான். அது எந்தப் பக்கம் தெரியவேண்டும் என்று முடிவு செய்வது யார்? பிளாட்டோ வாங்கியவருக்கெல்லாம் நேர்ரேகை கிடைத்துவிடாது. முண்டில் ரேகை விசிறி மாதிரி விரிகிறது, இணைகோடாக ஓடுவதில்லை. கிண்ணத்தின் அச்சைக் கொஞ்சம் தப்பாக நிறுத்தினால் முன்பக்கம் நேராக ஏறும் கோடு, பின்பக்கம் பாதி உயரத்திலேயே மேற்பரப்பை விட்டு வெளியேறிவிடும். வெளியேறும் இடத்தில் பறவைக்கண் புள்ளிகள் முளைக்கும். நாலு பக்கமும் நேராக நிற்கவேண்டுமென்றால், கிண்ணம் அடியில் ஒடுங்கி மேலே விரியவேண்டும், அதுவும் விசிறி விரிகிற அதே அளவுக்கு. இது அதிர்ஷ்டமா?

இன்னொரு கையையும் மறந்துவிட்டீர்கள். பச்சை முண்டை ஈரம் காயவிடாமல் வைத்திருந்து, வட்ட ரம்பத்தில் வெறுங்கையால் பிடித்து அறுப்பவர் ஒருவர் இருக்கிறார். வெடிப்பு எங்கே ஓடுகிறது, கல் எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்து வெட்டுகிறவர் அவர். வெட்டிய துண்டுகளைச் செப்புக் கொப்பரையில் அரை நாளுக்குக் குறையாமல் கொதிக்கவைத்து, டானின் என்ற கசப்புச் சத்தை இறக்கி, மாதக்கணக்கில் நிழலில் ஆறவிடுவார்கள். அவசரப்பட்டு உலர்த்தினால் வெடிக்கும். கொதி குறைந்தால் புகைக்கும்போது கசக்கும். சுங்கானில் அவர் பெயரை யாரும் பொறிப்பதில்லை, அது வேறு கதை.

பழைய ஃபிரெஞ்சு, ஆங்கிலேய முறையில் துளையை முதலில் போட்டுவிட்டு, பிறகு வெளிவடிவம் கடைவார்கள். கோபன்ஹேகனில் சுங்கான் செய்த சிக்ஸ்டன் இவார்சன் (1910–2001) இதைத் தலைகீழாக்கினார். முதலில் வடிவம், துளை அப்புறம். தேய்க்கும்போது கட்டைக்குள் ஒளிந்திருந்த ஒரு மணல்குழி தலைகாட்டினால் கிண்ணத்தைச் சாய்க்கலாம், கிண்ணத்தையும் வாய்க்குழலையும் இணைக்கும் தண்டை வளைக்கலாம், ஏனென்றால் துளை இன்னும் விழவில்லை. அவர் மகன் லார்ஸ் இவார்சனின் ‘புளோஃபிஷ்’ (ஊதிப் பருத்த மீன்) வடிவத்தைப் பாருங்கள். இரு கன்னங்களிலும் பறவைக்கண், அவற்றைச் சுற்றி ரேகை வளைந்து ஓடும். வரைபடத்தில் போட்ட வடிவமில்லை அது, கட்டையைப் படித்து எடுத்தது.

அரத்தூள்:

கடைசல் அண்ணே, டேனிஷ் முறைக்குக் கும்பிடு. ஆனால் அதில் கெட்டுப்போவது எது என்றும் சொல்லுங்கள்.

லேத் சக்கில், அதாவது கடைசல் இயந்திரத்தின் பிடியில், கட்டையை ஒருமுறை பிடித்தால் மூன்று வேலையை அதே பிடியில் முடிக்கலாம். தண்டின் முகத்தைச் சமமாகச் சீவுவது, வாய்க்குழலின் கழுந்து (செருகும் முனை) உட்காரும் 8 மி.மீ. துளை, அதன் நடுவே 4 மி.மீ. காற்றுத்துளை. மூன்றும் ஒரே அச்சில் நிற்பதால் வாய்க்குழலைச் செருகினால் இணைப்பில் வெளிச்சம் புகாது. வடிவம் கொடுத்த பிறகு கட்டையில் தட்டையான பக்கமே மிஞ்சாது. சுழலும் கரண்டி பிட்டுக்கு (துளையிடும் அலகுக்கு) எதிரே கையில் பிடித்துத்தான் குடையவேண்டும். மேதைக்கு வரும். அவரைப் பார்த்துச் செய்கிறவருக்கு என்ன வரும்? காற்றுத்துளை கிண்ணத்தின் தரைக்கு 3 மி.மீ. மேலே போய் முட்டும். அதற்குக் கீழே இருக்கிற புகையிலை எரியாமல் நனைந்து கிடக்கும். தாழ்ந்து போனால் தரையில் வாய்க்கால் வெட்டிவிடும், அடிச்சுவர் மெலியும்.

நீளமான 4 மி.மீ. பிட் ரேகையோடு போகத்தான் பார்க்கும். முதலில் குட்டை பிட்டால் வழி போட்டு, பிறகு நீளப் பிட்டை ஐந்தாறு மில்லிமீட்டருக்கு ஒருமுறை வெளியே இழுத்து, தூளை உதறி, மறுபடி உள்ளே விடவேண்டும். தூள் அடைத்தால் பிட் சூடாகும், சூடானால் வளையும், வளைந்தால் ஐந்து வருடம் ஆறவைத்த பிளாட்டோ போச்சு.

வேர்க்கட்டை:

அதைத்தான் நானும் சொல்கிறேன். இந்த வேலை எதுவும் வெளியே தெரியாது. தெரிகிற ரேகைக்குத்தான் காசு.

இன்னொன்று, அந்தக் கோடுகள் தானாக அவ்வளவு பளிச்சென்று தெரிவதில்லை. ஸ்பிரிட்டில் கரைத்த கறுப்புச் சாயத்தை முதலில் பூசுவார்கள். மென்மையான இழை குடிக்கும், கெட்டியானது குடிக்காது. 320, 400 உப்புத்தாளால் மேல்கறுப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு, மேலே ஆரஞ்சோ சிவப்போ ஏற்றினால் புலி வரி மாதிரி எழுந்து நிற்கும். சுமாரான ரேகையும் இந்த ஒப்பனையில் கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கும்.

மட்டுறுத்துநர்: புகையிலையின் கெடுதி பற்றிய மூன்று பதிவுகள் அதற்கான தனி இழைக்கு மாற்றப்பட்டன. இங்கே மரமும், வாய்க்குழலுக்கான கெட்டி ரப்பராகிய எபோனைட்டும் மட்டும்.

பொரிமணல்:

சாண்ட்பிளாஸ்ட் என்றாலே கீழ்த்தரம் என்று இருவரும் ஒத்துக்கொண்ட மாதிரி பேசுகிறீர்கள். லண்டன் சுங்கான் வியாபாரி ஆல்ஃபிரட் டன்ஹில் 1917-இல் இதற்குக் காப்புரிமை கேட்டார், ‘ஷெல்’ என்று பெயரிட்டு விற்றார். அல்ஜீரிய பிரையர் மென்மையானது, அதில் வீச்சு ஆழமாக இறங்கி, பழைய பாறை மாதிரி மேடும் பள்ளமுமாக வரும்.

முக்கியமான விஷயம், ரேகையும் ஆண்டு வளையமும் ஒன்றையொன்று குறுக்காக வெட்டுகின்றன. நேர்ரேகை செங்குத்தாக ஓடுகிற கிண்ணத்தில் வளையங்கள் கிடையாக அடுக்கி நிற்கும். வீச்சு மென்மையான அடுக்கைத் தின்று கெட்டியானதை விட்டுவைக்கும். கிண்ணத்தைச் சுற்றி வரி வரியாக வளையம் விழுந்த பிளாஸ்ட் வேண்டுமானால் கட்டை நேர்ரேகைக்கு நிறுத்தின மாதிரியே நிற்கவேண்டும். ஆக, கட்டையைப் படிக்கிற வேலை இங்கேயும் அதேதான். கோணலாக நிறுத்தின கட்டையில் வளையம் சரிந்து, ஒரு பக்கம் சுழியும் மறுபக்கம் வழவழப்புமாகப் போகும்.

செய்முறையிலும் கை உண்டு. விளிம்பையும் தண்டின் முகத்தையும் டேப் ஒட்டி மறைத்து, துளைகளை ரப்பரால் அடைத்துவிட்டுத்தான் வீசவேண்டும். தண்டின் முகத்தில் மணல் பட்டால் இணைப்பு கூர்மை போய்விடும். மணல் பாயும் மூக்கு ஒரே இடத்தில் நின்றால் அங்கே குழி விழும். முதல் சுற்று பரவலாக, அடுத்தது நுண்மணலில் வளையத்தின் மேட்டை ஒட்டிப் போகவேண்டும். வீச்சு மரத்தைத் தின்பதால் சுவரை முன்கூட்டியே 1 மி.மீ.க்கு மேல் கனமாக விட்டுக் கடையவேண்டும். கடைசியில் பிளாஸ்ட் அடிக்கலாம் என்று நினைப்பவருக்கு இந்தக் கணக்கு வராது.

கடைசல்:

வளையக் கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரும்பாலான பிளாஸ்ட் எப்படிப் பிறக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். வழவழப்பாக முடிக்கப்போன கிண்ணத்தில் 600 உப்புத்தாள் போடும்போது ஒரு குழி எட்டிப்பார்க்கும். பட்டி அடைத்தால் சாயம் பிடிக்காமல் வெளிறின புள்ளியாகத் தெரியும், உச்சத் தரத்தில் அதை விற்கமுடியாது. உடனே வீச்சுக் கூண்டுக்குள் தள்ளுவார்கள். வழவழப்பில் எதுவும் ஒளிய முடியாது. காசு அதற்குத்தான். பத்துக் கட்டையில் எத்தனை கடைசிவரை தாக்குப்பிடிக்கும் என்பதுதான் விலை. ரேகை அதன் மேல் பூ.

அரத்தூள்:

விலை நியாயம் அது, கலை நியாயம் இல்லை. கழித்துப்போட்ட ஒன்பது கட்டைக்கான காசு என்றால் அது நட்டக்கணக்கு.

வாய்க்குழலுக்கு வருவோம், இதுவரை ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. 4 மி.மீ. துளையின் பரப்பு சுமார் 12.5 சதுர மி.மீ. காற்று அந்த அளவிலேயே வாய் வரை வரவேண்டும், ஆனால் பல் கவ்வும் இடத்தின் மொத்தத் தடிமனே 4 மி.மீ. தான். ஆகவே துளையைப் போகப்போகத் தட்டையாக்கி, பிளவாக விரிக்கவேண்டும். பிளவின் உயரம் 1.2 மி.மீ. என்றால் அகலம் பத்தரை மி.மீ. ஆகும்போதுதான் பரப்பு சரியாக வரும். மேலும் கீழும் எபோனைட் 1.4 மி.மீ. மிஞ்சும். இன்னும் கொஞ்சம் அரம் போட்டால் பல் இறங்கிவிடும். அகலத்தில் சுருக்கினால் புகை அங்கே நெரிந்து, வேகம் கூடி, நீர் கோத்து, களகளவென்று சத்தம் போடும்.

பிளவின் உட்புறத்தை V வடிவில் திறக்கிற ஊசி அரம் உள்ளே எவ்வளவு போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கறுப்பு எபோனைட் பழுப்பாக ஒளிவிட ஆரம்பித்தால் நிறுத்து என்று அர்த்தம். அச்சில் வார்த்து வருகிற வாய்க்குழலில் இந்த உள்வேலை கிடையாது. அதை வாங்கிச் செருகிவிட்டு நேர்ரேகைக் காசு கேட்பவர்களைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இன்னொரு இடம், கழுந்தின் நுனிக்கும் அது உட்காரும் துளையின் தரைக்கும் உள்ள இடைவெளி. அரை மி.மீ.க்கு மேல் விட்டால் அது நீர்த்தொட்டி. பைப் கிளீனரை வாயிலிருந்து தள்ளினால் தடுக்காமல் கிண்ணத்தின் தரையில் தலைகாட்டவேண்டும். தட்டினால், எங்கே தட்டுகிறதோ அங்கே செய்தவர் கணக்கு தப்பியிருக்கிறது.

விளிம்பு:

நடுவில் ஒரு கேள்வி. புதுச் சுங்கானின் கிண்ணத்துக்குள் கறுப்புப் பூச்சு வருகிறதே, அது குழியை மறைக்கவா?

பொரிமணல்: மறைக்கவும் செய்யலாம். தயிரில் கரித்தூள் கலந்து பூசுவதும் உண்டு, சோடியம் சிலிகேட்டில் கலப்பதும் உண்டு. முதல் சில புகைப்பில் கரி படியும் வரை மரம் தீயாமல் காக்கும். தயிர்ப் பூச்சு சுவை காட்டாது.

அரத்தூள்: சுவை காட்டுகிறதோ இல்லையோ, காற்றுத்துளை எங்கே முட்டுகிறது என்று விரல் விட்டுப் பார்க்க முடியாமல் செய்கிறது. பூச்சு இல்லாமல் விற்பவர் தைரியசாலி.

வேர்க்கட்டை:

கடைசல் சொன்ன கட்டைக்கே வருகிறேன். 600-இல் குழி தெரிந்துவிட்டது. மற்ற எல்லாம் சுத்தம், துளை சரி, வாய்க்குழல் கையால் அறுத்தது. அதை பிளாஸ்ட் அடித்துப் பாதி விலைக்குக் கொடுத்தால் வாங்குகிறவர் அதே கைவேலையைத்தானே வாங்குகிறார்? அப்போது மீதிப் பாதிக் காசு கட்டைக்குத்தான்.

கடைசல்:

மற்றவர்கள் தள்ளுவார்கள், என் கட்டையில் அடிக்கத்தான் முடியாதே. வழவழப்புக்கென்று கடைந்த சுவர், பொரிமணல் சொன்ன கூடுதல் 1 மி.மீ. அதில் இல்லை. தண்டு ஏற்கெனவே வாய்க்குழலோடு சேர்த்துத் தேய்த்துச் சமமாக்கியாயிற்று. வீசினால் தண்டு மெலிந்து, வாய்க்குழல் படிக்கட்டு மாதிரி துருத்தும்.

பொரிமணல்: தண்டின் முனையில் 5 மி.மீ. பட்டையை டேப் ஒட்டி வழவழப்பாக விட்டுவிட்டு அடிக்கலாம்.

கடைசல்: அந்தப் பட்டை வடிவத்தைக் கெடுக்கும்.

அரத்தூள்: கெடுத்தாலும் புகை நன்றாகத்தான் வரும்.

கடைசல்: வரும். என் முத்திரையை அதில் குத்தமாட்டேன், அடுப்புக்குத்தான் போகும்.