நான்கு ட்யூப்பில் ஒரு பனி ஆறு

பனி மூடிய ஓர் ஆற்றை எண்ணெய் வண்ணத்தில் வரைய, முதல் முறை பன்னிரண்டு வண்ணங்களோடு உட்கார்ந்தேன். கரைக்கு ஒரு நீலம், நிழலுக்கு வேறொரு நீலம், மரங்களுக்கு ட்யூப்பிலிருந்து நேராகக் கறுப்பு. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, சேர்த்துப் பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பனி சுண்ணாம்படித்த சுவர் போல நின்றது.

அடுத்த கேன்வாஸில் நான்கை மட்டும் வைத்துக்கொண்டேன்: டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்). அல்ட்ராமரைனையும் சியன்னாவையும் ஒன்றை ஒன்று விழுங்காத அளவில் குழைத்தால் கறுப்பை ஒட்டிய ஓர் அடர்நிறம் வரும். அதில் வெள்ளை சேர்த்தால் சாம்பல். நீலம் தூக்கலாக இருந்தால் குளிர்ந்த சாம்பல், சியன்னா தூக்கலாக இருந்தால் வெதுவெதுப்பான சாம்பல். வானம், தூரத்து மரங்கள், பனியின் நிழல், ஆறு எல்லாமே இந்த ஒரு குடும்பத்திலிருந்து வந்ததால் படம் தானாகவே சேர்ந்துகொண்டது.

கேன்வாஸில் சியன்னாவை டர்பன்டைனில் கரைத்து மெல்லியதாகப் பூசித் துணியால் துடைத்தேன். வெள்ளைக் கேன்வாஸ்மேல் வெள்ளைப் பனியை எடைபோட முடியாது. பிறகு ஆற்றின் அடர்த்தியான பகுதிகளை முதலில் வைத்தேன். அந்த இருட்டு வந்த பிறகுதான் பக்கத்துக் கரை பனியாகத் தெரிந்தது, அதுவரை அங்கே இருந்தது வெறும் சாம்பல் பெயின்ட்.

கரை முழுவதையும் முடித்துவிட்டு, ட்யூப்பிலிருந்து எடுத்த சுத்த வெள்ளையில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தேன். அது விளக்கு ஏற்றியது போலத் தெறித்தது! அதுவரை நான் வெள்ளை என்று நம்பியதெல்லாம் நீலமும் ஓக்கரும் கலந்த நடுத்தர நிறங்கள்தான். வெயில் நேராகப் படும் விளிம்புகளுக்கு மட்டும் அந்த வெள்ளையை, துளி ஓக்கர் சேர்த்து, ஒதுக்கி வைத்தேன்.

சொதப்பியது பிரதிபலிப்பில். கரைப் பனியின் அதே வெளிச்சத்தை நீரிலும் வைத்தேன், ஆறு தட்டையாகிவிட்டது. நீரில் வெளிச்சமான பொருள் சற்று மங்கலாகவும் இருண்ட பொருள் சற்று வெளிறியும் தெரியும். அதைச் சுரண்டி எடுத்து, நிறங்களை மேலிருந்து கீழாக இழுத்து, அப்புறம் குறுக்கே இரண்டே கோடுகள். நீர் படுத்துக்கொண்டது.

*

நிழலில் நீலம் வைக்கத் தயங்குகிறவர்களுக்கு: 1868–69இல் பிரெஞ்சு ஓவியர் மோனே வரைந்த ஒரு பனிக் காட்சி பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேலியின் நிழல் அதில் நீலமாகவே விழுகிறது. வெயில் மறைக்கப்பட்ட இடத்துக்கு வானத்திலிருந்துதானே வெளிச்சம் வருகிறது?

இன்னொரு முறை நான் நீலமே இல்லாமலும் முயன்றேன். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரால் சொல்லப்படும் பேலட் (வண்ணத் தொகுப்பு): வெள்ளை, யெல்லோ ஓக்கர், வெர்மிலியன் சிவப்பு, ஐவரி கறுப்பு. ஐவரி கறுப்பில் வெள்ளை சேர்த்து ஓக்கர் வானத்துக்குப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு நீலமாகவே தெரியும். அந்திநேர ஆற்றுக்கு அது அருமையாகப் பொருந்தியது. நடுப்பகல் வெயிலில் பனியின் நிழலுக்கு மட்டும் போதவில்லை. அதற்கு அல்ட்ராமரைன்தான் வேண்டும் என்பது என் கருத்து.

ஐவரி கறுப்பு மெதுவாகக் காயும் என்பதையும் கவனியுங்கள். ஆற்றில் அதைத் தடிமனாகப் போட்டுவிட்டு, காய்வதற்குள் மேலே வெள்ளை வைத்து வீணாக்கினேன். இப்போது அதை மெல்லியதாகத்தான் பூசுகிறேன்.

*

காயாத வண்ணத்தின்மேல் வெள்ளை வைக்கும்போது மரக்கிளைகளிலும் எனக்கு இதே பாடு. கிளைமேல் பனி வைத்தால் கிளையின் பழுப்பு வெள்ளையில் ஏறிவிடும். பிரஷ்ஷை விட்டுவிட்டு பேலட் கத்திக்கு மாறினேன். கத்தியின் அடியில் நிறைய வெள்ளை எடுத்து, அழுத்தாமல் ஒரே தொடல், உடனே துணியில் துடைத்துவிட்டு அடுத்த கிளை. இரண்டாவது முறை அதே இடத்தைத் தொட்டால் கலங்கிவிடும்.