இறம்பொடை இறக்கத்தில் ஜீப்பும் எக்ஸ் 5உம்: மலையகத்துக்காரர்களின் அனுபவங்கள்

கம்பளைச் சாரதி:

ஏப்ரல் வசந்தகாலத்தில் கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறி வரும் வாகனங்களைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். அமெரிக்கச் சொகுசு ஜீப் நல்லதா, ஜேர்மன் வாகனம் நல்லதா? நான் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் சாரதி. இரண்டு வகையையும் ஒரே பாதையில், ஏறத்தாழ ஒரே சுமையோடு ஓட்டும் வாய்ப்பு தொழிலால் கிடைத்தது. எனக்குப் பட்டதை எழுதுகிறேன். நீங்கள் ஓட்டியதையும், பழுதுபார்த்ததையும், பின் இருக்கையில் உட்கார்ந்து வந்ததையும் எழுதுங்கள். கேள்விப்பட்ட கதைகள் வேண்டாம்.

நான் ஓட்டியவை ஜீப் கிராண்ட் செரோக்கியும் பி.எம்.டபிள்யூ. எக்ஸ் 5உம். இரண்டும் 3.0 லீற்றர் டீசல். எஞ்சினின் முறுக்குவிசை இரண்டிலும் 560, 570 நியூட்டன் மீற்றர் அளவில்தான் இருக்கிறது. இரண்டிலும் ஜேர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் வடிவமைத்த எட்டு கியர் தானியங்கிப் பெட்டி. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இருப்பதால் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் காற்று மெலிந்தாலும் இரண்டுமே மூச்சு வாங்குவதில்லை. டர்போ இல்லாத பெற்றோல் எஞ்சின் என்றால் கதை வேறு. லபுக்கலை வரும்போதே சோர்வு தெரியும். ஆகவே கம்பளையிலிருந்து ஏறும்போது எது சிறந்தது என்று என்னால் சொல்ல முடியாது. திரும்பி இறங்கும்போது சொல்ல முடியும்.

லபுக்கலை தாண்டி இறம்பொடைக்கு இறங்கும் ஏ5 பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். தேயிலை மலையைச் சுற்றிச் சுற்றி வரும் வளைவுகள், தார் முழுக்க ஈரம், முன்னால் இ.போ.ச. பஸ். வளைவுக்கு முன் பிரேக்கைத் தொட்டதும் ஜீப்பின் மூக்கு தாழ்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முதலில் உடல் வெளிப்பக்கம் சாய்கிறது, பிறகுதான் வண்டி வளைகிறது. அந்தச் சாய்வு அடங்கும்வரை பொறுத்துக்கொண்டு ஓட்டத் தெரிந்தவனுக்கு அது ஒரு தொல்லையே இல்லை. ஆனால் அடுத்த வளைவு எதிர்ப்பக்கமாக உடனே வரும் இடத்தில் அந்தப் பொறுமைக்கு நேரம் கிடைக்காது. இறம்பொடையில் அப்படிப்பட்ட வளைவுகள்தான் அதிகம்.

எக்ஸ் 5 அங்கே வேறு குணம் காட்டுகிறது. கை திரும்பிய அளவுக்கு முன்சக்கரம் திரும்புகிறது, உடல் கூடவே வருகிறது. பிரேக் மிதி கடினமாக இருக்கிறது. எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு வேகம் குறையும் என்பது காலுக்குப் பழகிவிடுகிறது. கியரை மூன்றில் நிறுத்தி எஞ்சினாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தி இறங்கினால், பின் இருக்கையில் இருப்பவர் கையில் இருக்கும் தேநீர் சிந்தாது. ஆஞ்சநேயர் கோவிலில் இறக்கிவிட்டபோது ஒரு முதியவர், “தம்பி, மலையில் இறங்கியதே தெரியவில்லை” என்றார். அந்தப் பாராட்டில் பாதி வண்டிக்குச் சேர வேண்டியது.

ஒன்றை மட்டும் ஜீப்பின் பக்கம் நின்று சொல்ல வேண்டும். அதன் ஸ்டியரிங் எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது. எக்ஸ் 5இல் மின்சார ஸ்டியரிங். மழைக்குப் பிறகு மண் கரைந்து தாரில் படிந்திருக்கும் இடங்களில் முன்சக்கரம் லேசாக வழுக்குவதை ஜீப்பில் என் விரல்கள் முதலில் அறிகின்றன. எக்ஸ் 5 துல்லியமாகத் திரும்புகிறது, ஆனால் கையோடு அவ்வளவாகப் பேசுவதில்லை.

தோட்டத்துப் பாதைக்குள் நுழைந்தால் முழுக் கணக்கும் மாறிவிடும். கருங்கல் பதித்த பாதை, நடுவில் மேடு, ஓரத்தில் கான். ஏர் சஸ்பென்ஷன், அதாவது இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பை, உள்ள ஜீப் தன்னை உயர்த்திக்கொண்டு நடந்து போவதுபோல் போகிறது. எக்ஸ் 5இல் பெரும்பாலும் காற்றுப் போனாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்ஃபிளாட் டயர்கள்தான். அவற்றின் பக்கச்சுவர் தடிப்பு. ஒவ்வொரு கல்லும் இடுப்புக்கு வந்து சேர்கிறது.

தலவாக்கலை, இப்போது கட்டாரில்:

அண்ணன், நல்ல விஷயத்தைத் தொடங்கியிருக்கிறீர்கள். உண்மையான அமெரிக்கச் சொகுசு என்றால் கெடிலாக் எஸ்கலேடும் லிங்கன் நெவிகேட்டரும்தான். அவற்றை நம் நாட்டுப் பாதைகளில் காண முடியாததற்குக் காரணம் எளிது: இரண்டையும் இடப்பக்க ஸ்டியரிங்கோடு மட்டும்தான் தயாரிக்கிறார்கள். நான் தோஹாவில் ஒரு வீட்டில் சாரதியாக இருக்கிறேன். அந்த வீட்டில் எஸ்கலேடும் இருக்கிறது, பி.எம்.டபிள்யூ. எக்ஸ் 7உம் இருக்கிறது.

எஸ்கலேட் பாரவண்டிச் சட்டத்தின் மேல் கட்டப்பட்ட வாகனம். நீளம் 5.38 மீற்றர். 6.2 லீற்றர் வி8 எஞ்சின், டர்போ கிடையாது. நேர் வீதியில் அது தரும் நிம்மதியை எக்ஸ் 7 தருவதில்லை என்று துணிந்து சொல்வேன். முன்பெல்லாம் அதன் பின் அச்சு ஒரே தண்டாக இருந்தது. ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மறுசக்கரமும் அசையும். 2021 மாதிரியிலிருந்து பின்சக்கரங்கள் தனித்தனியாக இயங்குகின்றன. பழையதையும் ஓட்டியவன் என்பதால் சொல்கிறேன், வித்தியாசம் மிகப் பெரியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதில் இருக்கும் காந்த ஷாக் அப்சோர்பர் அமெரிக்கர்கள் வளர்த்தெடுத்தது. எண்ணெயில் இரும்புத் துகள் கலந்திருக்கும். மின்சாரம் பாய்ந்தால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இறுகும். 2002இல் கெடிலாக் காரில் முதலில் வந்தது. பிறகு ஜேர்மன் அவுடியே தன் டிடி, ஆர்8 கார்களுக்கு அதை எடுத்துக்கொண்டது. ஓட்ட சுகம் என்றாலே ஜேர்மன்காரர்களின் சொத்து என்று பேசுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஆனால் விடுமுறைக்கு ஊருக்கு வந்து தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்கு ஏறும் ஒவ்வொரு தடவையும், எஸ்கலேடை இந்த வளைவுகளில் எப்படித் திருப்புவது என்றுதான் மனம் கணக்குப் போடுகிறது. எதிரே பஸ் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டியிருக்கும்.

ஹட்டன் ஆசிரியை:

நான் சாரதி இல்லை. பின் இருக்கைக்காரியின் சாட்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவை வைத்தியத்துக்காகக் கொழும்புக்கு அழைத்துப் போவது எங்கள் வீட்டில் வழக்கம். அத்தான் கொழும்பில் வாகன வியாபாரத்தில் இருப்பதால் வெவ்வேறு வண்டிகளில் வந்து கூட்டிப் போவார். கினிகத்தேனையிலிருந்து கித்துல்கல வரை இறங்கும் பாதையை அறிந்தவர்களுக்கு அம்மாவின் நிலை விளங்கும். கையில் எலுமிச்சம்பழம், மடியில் பொலித்தீன் பை.

அமெரிக்க வண்டியின் இருக்கை அகலம், மெத்தென்று இருக்கும். ஏறி உட்கார்ந்ததும் அம்மா மகிழ்ந்துபோவார். கினிகத்தேனை வரும்போது முகம் வெளிறிவிடும். உடல் ஒருபக்கம் சாய்ந்து, நின்று, மறுபக்கம் சாயும் அந்த மெதுவான ஆட்டம்தான் வயிற்றைப் புரட்டுகிறது. ஜேர்மன் வண்டியில் இருக்கை இறுக்கம். முதலில் “பலகைபோல் இருக்கிறது” என்பார், பிறகு அவிசாவளைவரை தூங்கிவிடுவார். அதே வண்டியில் மஸ்கெலியாவுக்குப் போனபோது குழிகளில் விழுந்து எழுந்து, அன்றிரவு முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிட வேண்டியிருந்தது. ஆகவே எந்தப் பாதை என்று கேட்காமல் எந்த வண்டி என்று அம்மாவிடம் கேட்டுப் பயனில்லை.

பண்டாரவளைக் கராஜ்:

தரத்தைப் பற்றி நான் பேசுகிறேன். கைகளில் கிரீஸ் படிந்தவன் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

முதலில் பிறந்த ஊர் விவகாரம். எக்ஸ் 5 அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஸ்பார்ட்டன்பேர்க் தொழிற்சாலையில் 1999 முதல் தயாராகிறது. பென்ஸ் எம்.எல்., இப்போதைய ஜி.எல்.இ., அலபாமாவில். அவுடி கியூ7 ஸ்லோவாக்கியாவில். கம்பளை அண்ணன் ஓட்டிய கிராண்ட் செரோக்கியோ, பென்ஸின் டைம்லரும் ஜீப்பின் கிறைஸ்லரும் ஒரே குடும்பமாக இருந்த காலத்தில் பென்ஸ் எம்.எல்.லோடு சேர்த்துத் திட்டமிடப்பட்டது. இரண்டுக்கும் அடித்தளம் ஒன்று. அதன் டீசல் எஞ்சின் இத்தாலியின் வி.எம். மோட்டோரி தயாரிப்பு. தூக்கியில் ஏற்றிக் கீழே நின்று பார்க்கும்போது எந்தக் கொடியை எங்கே ஒட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. மாறுவது, அதே எலும்பின்மேல் அவரவர் எந்த அளவுக்கு ஸ்பிரிங்கையும் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷையும் இறுக்குகிறார்கள் என்பதுதான். அண்ணன் இறம்பொடையில் உணர்ந்த சாய்வு அங்கிருந்து வருகிறது.

உள்ளே உட்கார்ந்தால் ஜேர்மன் வேலைப்பாடு ஒரு படி மேல்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அண்மையில் ஒரே நாளில் ஓர் அமெரிக்க வாகனமும் ஒரு ஜேர்மன் வாகனமும் வந்தன, இரண்டும் நன்றாக ஓடித் தேய்ந்தவை. கதவின் கீழ்ப்பகுதியில், முழங்கால் படும் இடத்தில் விரலால் தட்டினேன். அமெரிக்க வாகனத்தில் வெற்று டப்பா ஓசை, ஜேர்மனில் சத்தமே இல்லை. ஆனால் அதே ஜேர்மன் வாகனத்தின் பின் ஏர் ஸ்பிரிங் ரப்பர் வெடித்து, வண்டி குனிந்தபடி வந்திருந்தது. பாகம் கொழும்பிலும் இல்லை. தருவிக்கும்வரை முற்றத்தில் நின்றது. நம் மலையின் ஈரத்துக்கும் குளிருக்கும் ரப்பர்தான் முதல் பலி. எந்த நாட்டு ரப்பரும் தப்புவதில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் எல்லோரும் இருந்த வண்டியையே வைத்து ஓட்டினார்கள். இப்போது விற்பனைக்கு வருபவை அப்படி ஓடிய வண்டிகள். வாங்குகிறவர்கள் தோல் இருக்கையைத் தடவிப் பார்க்கிறார்கள், பிரேக் எண்ணெயை யாரும் பார்ப்பதில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 வகைப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. நீர் சேர்ந்தால் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்குப் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அந்தச் சூடு வந்துவிடும். எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதி தரைக்குப் போகும். இரண்டு தொன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி, எந்தப் பெயர்ப்பலகை இருந்தாலும், அப்போது நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கண்டி வாசகர்:

பயனுள்ள தகவல்கள், ஐயா. நான் 2014 கிராண்ட் செரோக்கி ஒன்றையும் 2016 அவுடி கியூ7 ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். வீடு ஹந்தானையில், மனைவியின் ஊர் வெலிமடை. எதை எடுக்கலாம்?

கம்பளைச் சாரதி:

உங்கள் பாதை முழுக்கத் தார். வெலிமடைக்கு ஹக்கல வழியாக இறங்க வேண்டும். என் கை கியூ7 பக்கம்தான் போகிறது, அதிலும் பின்சக்கரமும் திரும்பும் வசதி உள்ளதாகக் கிடைத்தால் விடாதீர்கள். மெதுவாகப் போகும்போது பின்சக்கரங்கள் எதிர்ப்பக்கமாக 5 பாகை வரை திரும்பும். ஐந்து மீற்றருக்கு மேல் நீளமான வண்டி கொண்டை ஊசி வளைவில் சிறிய கார்போல் சுருண்டு திரும்புவதை முதல் தடவை உணர்ந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. எல்லாக் கியூ7இலும் அது இல்லை, கேட்டுப் பாருங்கள். மனைவி வீட்டாரின் தோட்டத்துக்குள் மண்பாதையில் அடிக்கடி போவீர்கள் என்றால் ஜீப்பை எடுங்கள், மறுபேச்சு இல்லை.

பண்டாரவளைக் கராஜ்:

ஜீப்பை எடுப்பதானால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். 2014, 2015 மாதிரிகளில் கியர் நெம்பு எந்தக் கியரில் போட்டாலும் நடுவுக்கே திரும்பி வரும். பார்க்கிங்கில் விழுந்துவிட்டது என்று நினைத்து இறங்கியவர்களின் வண்டிகள் உருண்டன. 2016இல் உலகம் முழுவதும் சுமார் 11 இலட்சம் வாகனங்களை அதற்காகத் திரும்ப அழைத்தார்கள். திருத்தம் செய்தால், கியர் சரியாக விழாமல் கதவைத் திறக்கும்போது வண்டி தானாகப் பார்க்கிங்குக்குப் போகும். நீங்கள் பார்த்த வண்டிக்கு அந்தத் திருத்தம் செய்யப்பட்டிருக்கிறதா என்பதை வண்டியின் சேசி இலக்கத்தைக் கொடுத்துக் கேளுங்கள். ஹந்தானைச் சரிவில் நிறுத்தப் போகிற வண்டி அது. கைபிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கல்லும் வையுங்கள்.

கியூ7 என்றால் நான்கு சக்கரத்துக்கும் ஏர் ஸ்பிரிங்கா, சாதாரண ஸ்பிரிங்கா என்று பாருங்கள். ஏர் என்றால் இரவு நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் பண்ணுமுன் நான்கு மூலையின் உயரத்தையும் அளந்து பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் விலையில் பேசிக் குறைக்கலாம். இரண்டு மூலை தாழ்ந்திருந்தால் வேறு வண்டி பாருங்கள். வாங்குமுன் எந்த வண்டியையும் ஒரு கராஜில் தூக்கியில் ஏற்றிக் காட்டுங்கள். விற்பவர் மறுத்தால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.