தாவரக் கலத்தில் இடமாற்று ஆர்.என்.ஏ-யை வெட்டுவது ஆர்.என்.ஏ-யா, புரதமா?

முத்தையன்கட்டு ரீச்சர்:
வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். எல்லா நொதியங்களும் புரதங்கள் அல்ல என்பதற்கு ரைபோநியூக்கிளியேஸ் பி-யை உதாரணம் காட்டினேன். புரதம் உருவாகும்போது அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் இடமாற்று ஆர்.என்.ஏ முதலில் நீளமாகப் படியெடுக்கப்படுகிறது. அதன் தொடக்க முனையான 5′ முனையில் தொங்கும் மிகுதியை இந்த நொதியம் வெட்டுகிறது. வெட்டுவது நொதியத்துக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ. சொல்லி முடித்ததும் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "நெல்லுக்குள்ளும் இதுதானா ரீச்சர்?" என்று கேட்டாள். என்னிடமுள்ள குறிப்புகள் அனைத்தும் பற்றீரியாவோடு நின்றுவிடுகின்றன. தெரிந்தவர்கள் விளக்குவீர்களா? பச்சையவுருமணிக்குள் நடப்பதையும் சொன்னால் நல்லது.

கனகராயன்:
ஆர்.என்.ஏ-யும் ஊக்கியாகும் என்று கண்டறிந்ததற்காகத்தான் சிட்னி ஆல்ட்மனுக்கும் தோமஸ் செக்குக்கும் 1989 இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆல்ட்மன் ஆராய்ந்தது இதே நொதியத்தைத்தான். மதுவத்தின் கருவிலும் மனிதக் கருவிலும் ஆர்.என்.ஏ கொண்ட வடிவமே இருக்கிறது. நெல்லும் அப்படியே இருக்க வேண்டும்.

வன்னிப் பாலை:
ரீச்சர், அந்தப் பிள்ளைக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். விடை: இல்லை. நெல் உட்பட நிலத்தாவரங்களில் அந்த வெட்டைச் செய்வது வெறும் புரதம். கனகராயன் அண்ணா சொன்னவை மதுவத்துக்கும் மனிதக் கருவுக்கும் சரி. தாவரம் வேறு வழியில் போயிருக்கிறது.

நான் நெடுங்கேணியில் வளர்ந்தவள். முதுமாணிப் பட்டத்துக்குத் தாவர ஆர்.என்.ஏ-யில் வேலை செய்தேன். வெட்டப்படாத இடமாற்று ஆர்.என்.ஏ-யோடு இந்தப் புரதத்தையும் கொஞ்சம் மக்னீசியத்தையும் சேர்த்து, துண்டுகளை நீளத்தின்படி பிரிக்கும் ஜெல்லில் ஓடவிட்டால், மேலே நின்ற பட்டை மங்கி, கீழே இரண்டு புதிய பட்டைகள் தோன்றும். மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ-யைச் சேர்த்தால் வெட்டு நின்றுவிடும். அந்தக் குழாயில் இருந்த நொதியத்தில் ஆர்.என்.ஏ ஒரு துளியும் இல்லை. இதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு "எல்லா உயிரிகளிலும் ரைபோசைம்", அதாவது நொதியமாக வேலை செய்யும் ஆர்.என்.ஏ, என்று எழுதக் கை வராது.

இந்தச் சந்தேகம் பழையது. 1988 இலேயே பீற்றர் கெகன்ஹைமரின் குழு, ஸ்பினாச் கீரையின் பச்சையவுருமணியிலிருந்து எடுத்த நொதியம் ஆர்.என்.ஏ-யைச் சிதைக்கும் நொதியத்துக்கு அசையாமல் வேலை செய்வதையும், அதன் அடர்த்தி தூய புரதத்தின் அடர்த்தியோடு ஒத்துப்போவதையும் காட்டியது. பலர் நம்பவில்லை. 2008 இல் மனித இழைமணியில் ஆர்.என்.ஏ இல்லாத வடிவம் உறுதியானது. 2010 இல், ஆய்வுகூடங்களில் வளர்க்கும் அராபிடொப்சிஸ் என்ற சிறு செடியின் ஒரே ஒரு புரதம் தனியாகவே அந்த வெட்டைச் செய்வது தெரியவந்தது. அதன் பெயர் புரோர்ப் 1. பற்றீரியாவின் சொந்த நொதியத்தை எடுத்துவிட்டு இதை வைத்தபோதும் அந்தப் பற்றீரியா உயிர் வாழ்ந்தது! எனக்கு இந்த முழுக் கதையிலும் மிகவும் பிடித்த பரிசோதனை அதுதான்.

அராபிடொப்சிஸில் மூன்று புரோர்ப்கள் உள்ளன. முதலாவது பச்சையவுருமணியிலும் இழைமணியிலும் இருக்கிறது. அது இல்லாவிட்டால் முளையம் இறந்துவிடும். மற்ற இரண்டும் கருவில் இருக்கின்றன; ஒன்று போனால் மற்றது ஈடுசெய்யும், இரண்டும் போனால் செடி இல்லை.

பெட்டி இழைக்குமுன் ஓலையின் இரு விளிம்பையும் வார்கிறோம் அல்லவா, அதுபோல மறுமுனையான 3′ பக்கமும் வெட்டப்பட வேண்டும். அதைச் செய்வது ரைபோநியூக்கிளியேஸ் இசட். அராபிடொப்சிஸில் அதற்கு நான்கு வடிவங்கள். பச்சையவுருமணிக்குரியது இல்லாமல் செடி உருவாகாது. பிறகு வேறொரு நொதியம் சி-சி-ஏ என்ற மூன்று எழுத்துகளை 3′ முனையில் சேர்க்கிறது. அமினோ அமிலம் ஏறுவது அந்த ஏ-யில்தான்.

குளக்கட்டு:
நான் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன், இரணைமடுவின் கீழ். தங்கச்சி சொன்ன ரைபோநியூக்கிளியேஸ் இசட் வயலுக்கும் வந்திருக்கிறது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். சீனாவில் இரு வழிக் கலப்பின நெல்லுக்குப் பயன்படும் அன்னோங் எஸ்-1 என்ற தாய் நெல் வகை வெப்பத்தில் ஆண் மலடாகும். குளிரில் மகரந்தம் நன்றாகவே உண்டாகும். காரணம் டி.எம்.எஸ்.5 என்ற பரம்பரையலகில் ஒரு பழுது. அது குறிக்கும் புரதம் ரைபோநியூக்கிளியேஸ் இசட் வகையைச் சேர்ந்தது என்று 2014 இல் வெளியிட்டார்கள். அது ஒரு தூது ஆர்.என்.ஏ-யையும் (புரதத்துக்கான செய்தியைக் கொண்டுசெல்லும் ஆர்.என்.ஏ) வெட்டுகிறது, பழுதுபட்டால் வெப்பத்தில் அந்தத் தூது ஆர்.என்.ஏ குவிந்து மகரந்தத்தைக் கெடுக்கிறது என்று அந்த ஆய்வு சொல்கிறது.

எங்கள் சிறுபோக வெப்பத்துக்கு அப்படிப்பட்ட நெல் மலடாகவே நிற்கும் என்பது என் எண்ணம். கலப்பின விதை எடுக்க அது வசதி. ஆனால் தாய் விதையைப் பெருக்க மலைநாட்டுக் குளிர் வேண்டும். விளைச்சலில் வரும் நெல்லை மீண்டும் விதைத்தால் பயிர் ஒரே சீராக வராது, விதையை ஒவ்வொரு போகமும் வாங்க வேண்டும். வீட்டில் விதைநெல் வைத்து விதைக்கும் எங்கள் சனத்தை நினைத்தால், அந்தச் செலவை நான் இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

முத்தையன்கட்டு ரீச்சர்:
மூவருக்கும் நன்றி. நாளையே வகுப்பில் சொல்கிறேன். பரீட்சையில் ரைபோசைமுக்கு உதாரணம் கேட்டால் பிள்ளைகள் என்ன எழுதலாம்?

வன்னிப் பாலை:
"பற்றீரியாவின் ரைபோநியூக்கிளியேஸ் பி" என்று எழுதச் சொல்லுங்கள். அதில் யாரும் குறை காண முடியாது. புரதம் கட்டும் றைபோசோமையும் எழுதலாம்: அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்தைட்டுப் பிணைப்பை உருவாக்குவது அதன் ஆர்.என்.ஏ-தான், நெல்லிலும்கூட. அடுத்து அந்தப் பிள்ளை இடமாற்று ஆர்.என்.ஏ-யின் நடுவில் இருந்து வெட்டி நீக்கப்படும் துண்டான இன்ட்ரோன் பற்றிக் கேட்கக்கூடும். தாவரக் கருவில் அது டைரோசினுக்கும், புரதச் சங்கிலி நீளும்போது வரும் மெதியோனினுக்கும் உரிய இடமாற்று ஆர்.என்.ஏ-களில்தான் உண்டு. அதை வெட்டி ஒட்டும் நொதியங்களைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், எழுதுகிறேன்.