'கேஸ்' கோவைக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் வணக்கம். ஆரக்கிள் தரவுத்தளத்துக்கு எழுதிய வினவல்களைப் போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்துக்கு மாற்றித் தரும் கருவி ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை மாலை எல்லாச் சரங்களும் (கையேட்டின் உரைத்துண்டுகள்) பூட்டப்படும். அதன்பின் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொட முடியாது. நான் 'கேஸ் எக்ஸ்பிரஷன்' என்ற இடத்தில், அதாவது எந்த நிபந்தனை பொருந்துகிறது என்று பார்த்து அதற்குரிய விடையைத் தரும் வினவல் கோவையில், தடுக்கி நிற்கிறேன். முதல் வரைவில் ஒருவர் "வேற்றுமைக் கோவை" என்று எழுதியிருந்தார், இன்னொருவர் "வழக்குத் தொடர்". முன்னது இலக்கண வகுப்பு, பின்னது நீதிமன்றம். ஆரக்கிளின் 'டீகோட்' என்ற சார்புக்குக் (ஃபங்ஷன்) "குறிநீக்கம்" என்று போட்டிருக்கிறோம். அதில் சிக்கல் இராது என்று நினைக்கிறேன்.

இலக்கண ஆசிரியர்

தம்பி, வேற்றுமை என்று எழுதியவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். இலக்கணத்துக் கேஸும் உங்கள் கேஸும் ஒரே வேரின. 'விழுதல்' என்று பொருள்படும் காசுஸ் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. பெட்டியைக் குறிக்கும் கேஸ் மட்டுமே வேறு வேர். ஆயினும் அச்சொல்லை வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. தொல்காப்பியர் வினையெச்சத்துக்கு 9 வாய்பாடு சொன்னார், நன்னூலார் 12 சொன்னார். இரண்டு பட்டியலிலும் நிபந்தனைப் பொருளுக்கென்றே 'செயின்' இருக்கிறது. கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவானேன்? "செயின்கோவை" என்று வையுங்கள்.

தரவுத்தள நிர்வாகி

ஐயா, மன்னிக்க வேண்டும். "செயின்கோவை" என்று படித்தால் என் குழுவில் அத்தனை பேருக்கும் கழுத்தில் போடும் சங்கிலிதான் நினைவுக்கு வரும்.

எனக்குக் கவலை கேஸ் அன்று, "சிக்கல் இராது" என்று நண்பர் விட்டுவிட்ட குறிநீக்கம். ஆரக்கிளின் டீகோட் எந்தக் குறியையும் நீக்குவதில்லை. ஒரு மதிப்பைப் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தியதற்கு உரிய விடையைத் தருகிறது, அவ்வளவுதான். போஸ்ட்கிரெஸிலும் டீகோட் என்று ஒன்று உண்டு. அது பேஸ்64 போன்ற குறியாக்கத்தில் இருக்கும் எழுத்துகளைப் பைட்டுகளாக்கும். உண்மையான குறிநீக்கம் அதுதான். இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல் என்றால், எதை எதாக மாற்ற வேண்டும் என்று விளக்கும் பக்கமே படிப்பவரைக் குழப்பிவிடும்.

இதைப் பாருங்கள்:

டீகோட்(நிலை, 'அ', 'வந்தது', நல், 'தெரியவில்லை', 'மற்றவை')

நிலை என்ற புலத்தில் மதிப்பே இல்லாத (இதைத்தான் 'நல்' என்கிறோம், ஆங்கிலத்தில் null) வரிக்கு ஆரக்கிள் 'தெரியவில்லை' என்று தரும். ஏனெனில் டீகோட் ஒரு நல்லை இன்னொரு நல்லுக்குச் சமமாகக் கொள்ளும். இதை அப்படியே "கேஸ் நிலை வென் 'அ' … வென் நல் …" என்று பெயர்த்தால் அந்த வரி 'மற்றவை' ஆகிவிடும். கேஸுக்குள் நடப்பது சாதாரணச் சமன்பாட்டு ஒப்பீடு. நல் எதனோடும் சமமாகாது, தன்னோடும் ஆகாது. பிழைச்செய்தி எதுவும் வராது. டீகோடை மாற்றாமல் விட்டிருந்தாலாவது போஸ்ட்கிரெஸ் இத்தனை உள்ளீடுகளை ஏற்கும் டீகோட் சார்பு இல்லை என்று சொல்லி நின்றுவிடும், நாம் பிழைத்துக்கொள்வோம். நான் இதே தவற்றைச் செய்து, அறிக்கையின் கூட்டுத்தொகை ஏன் பொருந்தவில்லை என்று மூன்று நாள் தேடியிருக்கிறேன். "வென் நிலை இஸ் நல்" என்று தனியாக எழுத வேண்டும். கையேட்டில் இது வர வேண்டும், சொல் எதுவாக இருந்தாலும்.

கல்லூரியில் கற்பிப்பவர்

நிர்வாகி சொன்னது முழுக்கச் சரி. கூடவே ஒன்று: வரைவில் "நல் மதிப்பு இருந்தால்" என்று ஓரிடத்தில் வருகிறது. என் மாணவி அதை "நல்ல மதிப்பு இருந்தால்" என்று படித்துவிட்டு, கெட்ட மதிப்புக்கு என்ன செய்வது என்று கேட்டாள். தயவுசெய்து "இன்மை" என்று மாற்றுங்கள்.

இலக்கண ஆசிரியர்

அம்மா, இன்மை சரிதானா? இல்லாதது இன்மை, இருக்கிறதா இல்லையா என்றே அறியாதது வேறு. உங்கள் நல் இந்த இரண்டாவதாகத் தோன்றுகிறது. வினாவை நன்னூலார் ஆறாகப் பகுத்தார்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. கடைக்காரரிடம் "பயறு உளதோ?" என்பது கொளல்வினா. தரவைக் கேட்டு வாங்கும் உங்கள் 'செலக்ட்' அச்சு அசலாக அதுவே! இனி விடை எட்டு வகை. அவற்றுள் நல் எதில் அடங்கும் என்று பார்த்தால்…

தரவுத்தள நிர்வாகி

ஐயா, அந்த எட்டையும் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பார்ப்போம். ஆரக்கிளோ வெற்றுச் சரத்தையும் நல் என்றே கொள்ளும். போஸ்ட்கிரெஸ் இரண்டையும் தனித்தனியே வைக்கும். ஆகவே "வெறுமை" மட்டும் வேண்டாம், இன்மை இருக்கட்டும்.

கல்லூரியில் கற்பிப்பவர்

மூலக்கேள்விக்கு வருகிறேன். கேஸ், வினவல் மொழியான சீக்குவலின் 1992ஆம் ஆண்டுத் தரத்திலேயே இடம்பெற்றது. இதைப் போன்ற வேலைக்கு, மைசீக்குவல் என்ற தரவுத்தளத்தில் இஃப் இருக்கிறது, சீக்குவல் சர்வர் என்ற தரவுத்தளத்தில் 2012 பதிப்பிலிருந்து ஐஐஎஃப் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பெயர் வேண்டும். தனித்தனிச் சார்புகளின் பெயர்களை ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடலாம், நிரலில் அவற்றை யாரும் தமிழில் தட்டப்போவதில்லை. பல்லுறுப்புக் கோவை படித்த பிள்ளைகளுக்குக் கோவை தெரியும், நிபந்தனையும் தெரியும். "நிபந்தனைக் கோவை" போதும்.

தனித்தமிழ் அன்பர்

போதும் போதும் என்றுதான் எல்லாம் போயிற்று. நிபந்தனை வடசொல். "எனில்கோவை" என்று ஏன் வைக்கக்கூடாது? வென், தென் என்று ஆங்கிலம் இரண்டு சொல்லால் சுமப்பதைத் தமிழ் ஒரே 'எனில்' கொண்டு சுமக்கிறது. எல்ஸ் என்பதற்கு 'இல்லையெனில்' காத்திருக்கிறது. விளைவை முன்னே சொல்லி நிபந்தனையைக் கடைசியில் வைக்கவும் நம் மொழி இடம் தரும். "வானம் வழங்கா தெனின்" என்று குறள் முடியவில்லையா?

இழையைத் தொடங்கியவர்

எனில்கோவை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் குழுவில் ஐவரிடம் கேட்டேன். மூவர் நிபந்தனைக் கோவை என்றார்கள், ஒருவர் எதுவானாலும் சரி என்றார், ஒருவர் விடையே தரவில்லை (இதை இன்மை என்று பதிந்துகொண்டேன்). ஆகவே நிபந்தனைக் கோவை. உள்ளே விளக்கும்போது எனில், இல்லையெனில் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். டீகோட் டீகோடாகவே நிற்கும். நல் வரும் இடங்களிலெல்லாம் இன்மை. நிர்வாகியின் எடுத்துக்காட்டைப் பெட்டிச்செய்தியாகச் சேர்த்துவிட்டேன். சரங்களைப் பூட்டியாயிற்று.

தனித்தமிழ் அன்பர்

என் மறுப்பும் பதிவில் இருக்கட்டும்.

இலக்கண ஆசிரியர்

தாமதத்துக்குப் பொறுக்கவும், தம்பி. அட்டையை இப்போதுதான் பார்த்தேன். "தரவுத்தளப் பெயர்வு" என்று இருக்கிறது. பெயர்வு தன்வினை, தரவு தானாக எழுந்து நடந்து போகவில்லையே, நீங்களல்லவா தூக்கிக்கொண்டு போகிறீர்கள்? மொழிபெயர்ப்பு என்பதைப் போலப் "பெயர்ப்பு" என்றல்லவா வர வேண்டும்? பூட்டைத் திறக்க வழி உண்டா?