கிறிஸ்து பிறப்பும் மீட்பும்: அன்பு எங்கே தொடங்குகிறது?

கேள்வி:
‘மீட்பர் பிறந்தார்’ என்பதையும் ‘தேவன் உங்களை நேசிக்கிறார்’ என்பதையும் கிறிஸ்துமஸ் ஆராதனையில் சேர்த்தே கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் மீட்பு என்றதும் அடகுச் சீட்டும், வட்டியும் முதலுமாகக் கட்டித் திருப்பிய நகையும்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன. விலை கொடுத்துத் திருப்பிய பொருளை நேசிக்கப்பட்டது என்று எப்படிச் சொல்வது? விலை செலுத்தப்பட்டது சிலுவையில் என்றால், முன்னணையில் கிடத்தப்பட்ட குழந்தையை அன்றே இரட்சகர் என்பானேன்? பிதாவின் கோபத்தைக் குமாரன் தணித்த பிறகே நாம் நேசிக்கப்பட்டோம் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டதிலிருந்து குழப்பம் கூடியிருக்கிறது.

பதில் 1:
அடகு உவமையை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள், சகோதரரே. வேண்டாத நகையை யாரும் திருப்புவதில்லை, மூழ்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் வேதத்தில் மீட்பு என்பது கடையில் தொடங்கவில்லை, குடும்பத்தில் தொடங்குகிறது. வறுமையால் தன்னையே அடிமையாக விற்றுவிட்ட ஒருவனை அவன் சகோதரனோ, சிற்றப்பனோ, வேறு நெருங்கிய இரத்த உறவினனோ மீட்கலாம் என்று லேவியராகமம் 25 கூறுகிறது. அப்படி மீட்கும் உறவினனுக்கு எபிரெய மொழியில் ‘கோயேல்’ என்று பெயர். ‘என் மீட்பர் உயிரோடிருக்கிறார்’ என்று யோபு சொல்லும் இடத்திலும் இதே சொல்தான் நிற்கிறது.

ரூத் 4 இதைக் கண்முன் காட்டுகிறது. விதவையான ரூத்துக்கு, இறந்த கணவன் வழியில் போவாஸ் உறவினன். அவனைவிட நெருங்கிய உறவினன் ஒருவன் இருக்கிறான். அந்தக் குடும்பத்தின் நிலத்தை மட்டும் மீட்பதென்றால் சம்மதிக்கிறான். ரூத்தையும் மணக்க வேண்டும் என்றதும், தன் சுதந்தரம், அதாவது பரம்பரைச் சொத்து, கெட்டுப்போகும் என்று அஞ்சி, உரிமையை விட்டுக்கொடுக்கும் அடையாளமாகப் பாதரட்சையைக் கழற்றிக் கொடுத்து விலகிக்கொள்கிறான். உறவும் வசதியும் இருந்தன, மனம் இல்லை. மீட்பவருக்கு மூன்றும் வேண்டும். தேவனுக்கு மனமும் வல்லமையும் என்றும் உண்டு. இரத்த உறவு உண்டானது பெத்லகேமில். பிள்ளைகள் மாம்சமும் இரத்தமும் உடையவர்களாக இருப்பதால் அவரும் அவற்றில் பங்குள்ளவரானார் என்று எபிரெயர் 2 சொல்வதை இப்படித்தான் நான் வாசிக்கிறேன். ஆகவே அந்தக் குழந்தையை மீட்பர் என்பது முன்கூட்டியே வழங்கிய பட்டமன்று.

பதில் 2:
உறவு பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் விலை என்ற சொல் அதனால் மறைந்துவிடவில்லை. அநேகரை மீட்கும் பொருளாகத் தம் ஜீவனைக் கொடுக்க வந்ததாக இயேசுவே மாற்கு 10:45இல் கூறுகிறார். அதை யாரிடம் கொடுத்தார் என்பது பழைய விவாதம். பிசாசிடம் என்று மூன்றாம் நூற்றாண்டில் இறையியலாளர் ஓரிகன் எழுதினார். திருடனுக்கு ஈட்டுத்தொகையா என்று அடுத்த நூற்றாண்டில் ஆயரான நசியான்சு கிரெகோரி கொதித்தெழுந்ததோடு, பிதா அதைக் கேட்டு வாங்கினார் என்பதையும் ஏற்கவில்லை. 1098இல் எழுதி முடித்த நூலில் இறையியலாளர் அன்செல்ம், மனிதன் தேவனுக்குச் செலுத்த வேண்டிய கனத்தை, அதாவது மரியாதையை, தேவமனிதர் ஒருவரே செலுத்த முடியும் என்று வாதிட்டார். உவமையை அது சொல்லாத இடம்வரை இழுத்ததால் வந்த சிக்கல் இது என்பது என் எண்ணம். விடுவிப்பவருக்கு அது எவ்வளவு செலவு வைத்தது என்பதே அங்கே பேச்சு.

பதில் 3:
நீங்கள் கேட்ட பிரசங்கம் வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது என்றே நினைக்கிறேன். நாம் தேவனிடத்தில் அன்புகூர்ந்ததனால் அல்ல, அவர் நம்மிடத்தில் அன்புகூர்ந்ததனாலேயே குமாரனை அனுப்பினார் என்கிறது 1 யோவான் 4:10. அன்பு முதலில், அனுப்புதல் பிறகு. அதே வசனம் பாவநிவிர்த்தியையும் அந்த அன்பின் செயலாகவே சொல்கிறது. கலாத்தியர் 4:4, 5ஐயும் பாருங்கள்: ஸ்திரீயினிடத்தில் பிறந்ததும், மீட்டதும், நாம் புத்திரசுவிகாரம் அடைவதும் (பிள்ளைகளாகத் தத்தெடுக்கப்படுவதும்) ஒரே வாக்கியத்தில் வருகின்றன. விடுவிக்கப்பட்ட அடிமை வீட்டில் பிள்ளையாகிறான். இயேசு சொன்ன உவமையில், வீட்டைவிட்டுப் போய்த் திரும்பிவரும் கெட்ட குமாரன் ‘கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்’ என்று சொல்ல வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தும், தகப்பன் முன் நின்றபோது அந்த வரியை மட்டும் அவன் சொன்னதாக லூக்கா எழுதவில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ரூத் 4ஐ இன்று நிதானமாக வாசித்தேன். தன் சுதந்தரத்தைக் காத்துக்கொள்ள விலகிய அந்த உறவினனின் பெயர் அங்கே எழுதப்படவே இல்லை. போவாஸின் பெயரோ மத்தேயு 1:5இல் இயேசுவின் வம்ச வரலாற்றில், ரூத்தின் பெயரோடு இருக்கிறது. கோபத்தைப் பற்றிய கேள்வி இன்னும் முழுதாகத் தீரவில்லை, அதைத் தனி இழையில் கேட்கிறேன்.